பெயர் யார் பேரில்?

2018 செப்டம்பர் 24, திங்கட்கிழமை. கூடுவாஞ்சேரிக்குப் பக்கத்தில் வல்லாஞ்சேரியிலிருந்து இயங்கும் ஜோஹோ நிறுவனத்தின் சேவைகள் உலகின் பல மூலைகளில் திறக்க மறுத்தன. மின்னஞ்சல் பார்க்க உட்கார்ந்தவர்களுக்கு வெற்றுத் திரை. பில் போட வந்தவர்கள், வாடிக்கையாளர் விவரம் தேடியவர்கள் எல்லாருக்கும் அதே கதி. இத்தனைக்கும் நிறுவனத்தின் கணினிகள் ஓடிக்கொண்டுதான் இருந்தன. மின்சாரம் போகவில்லை. யாரும் உள்ளே புகுந்து திருடவில்லை. கடலடிக் கேபிள் எதுவும் அறுபடவில்லை. காணாமல் போனது ஒன்றே ஒன்று: ஜோஹோ டாட் காம் என்ற பெயர்.

அந்தப் பெயரைப் பதிவுசெய்து வைத்திருந்த அமெரிக்கப் பதிவு நிறுவனம், ஜோஹோவின் அஞ்சல் சேவை வழியாகச் சிலர் மோசடிக் கடிதம் அனுப்புவதாக வந்த விரல் விட்டு எண்ணக்கூடிய புகார்களைக் காட்டிப் பெயரையே முடக்கிவிட்டது. நிறுவனர் ஸ்ரீதர் வேம்பு, பதிவு நிறுவனத்தின் பொறுப்பாளர்களைப் பிடிக்க உதவுங்கள் என்று ட்விட்டரில் பொதுமக்களிடம் கேட்கும் நிலை வந்தது. முடக்கம் சில மணி நேரத்தில் நீங்கியது. ஆனாலும் பலருக்கு அதன் பிறகும் தளம் திறக்கவில்லை. பிற்பாடு ஜோஹோ தன் பெயரை கிளவுட்ஃப்ளேர் நிறுவனத்தின் பொறுப்புக்கு மாற்றிக்கொண்டது.

முதல் இணையதளம் தொடங்கப்போகும் ஒரு சின்னக் கடைக்காரருக்கு இந்தச் சம்பவத்தை ஏன் சொல்ல வேண்டும்? கோடிக்கணக்கான பயனாளர்கள் உள்ள நிறுவனமும் ஒரு சிற்பப் பட்டறையும் இணையத்தில் ஒரே மாதிரியான அஸ்திவாரத்தில்தான் நிற்கின்றன. அந்த அஸ்திவாரம் பெயர். தளத்தின் நிறம், எழுத்துரு, படங்கள், அது உட்கார்ந்திருக்கும் கணினி, ஏன், அதைக் கட்டிக்கொடுத்த ஆள்கூட மாறலாம். பெயர் கையில் இருந்தால் ஒரு வாரத்தில் எல்லாவற்றையும் திரும்பக் கட்டிவிடலாம். பெயர் கையை விட்டுப் போனால், மீதி எல்லாம் பத்திரமாக இருந்தும் யாரும் வந்து சேர முடியாது. ஆகவே இந்த அத்தியாயத்தில் பெயருக்குத்தான் பாதிக்கு மேல் இடம்.

கணினிகள் ஒன்றையொன்று எண்களால்தான் கண்டுகொள்கின்றன. பழைய முறையில் நான்கு எண்கள், ஒவ்வொன்றும் 0 முதல் 255 வரை. மொத்தம் சுமார் 429 கோடி முகவரிகள். அவை போதாமல் போனதால் இன்னும் நீளமான எண்கள் வந்தன. மனிதருக்கு எண் நினைவில் நிற்காது என்பதால் தொடக்கத்திலேயே பெயர் வைக்கும் வழக்கம் பிறந்தது. 1970களில் அமெரிக்காவின் அர்ப்பாநெட்டில் இருந்த எல்லாக் கணினிகளின் பெயரும் எண்ணும் ஒரே ஒரு கோப்பில் இருந்தன. கலிஃபோர்னியாவின் ஸ்டான்ஃபோர்டு ஆராய்ச்சி நிறுவனத்தில் எலிசபெத் ஃபைன்லர் தலைமையிலான குழு அதைக் கையால் பராமரித்தது. புதிதாக ஒரு கணினி சேர்ந்தால் அந்த அலுவலகத்துக்குத் தகவல் சொல்ல வேண்டும். அவர்கள் கோப்பில் ஒரு வரி சேர்ப்பார்கள். மற்றவர்கள் அந்தக் கோப்பை நகல் எடுத்துக்கொள்வார்கள். கணினிகள் பெருகியதும் கோப்பு திணறியது.

1983இல் தென் கலிஃபோர்னியப் பல்கலைக்கழகத்தின் தகவல் அறிவியல் நிறுவனத்தில் பால் மொக்கபெட்ரிஸ் இதற்கு ஒரு தீர்வு வடித்தார். ஒருவரே எல்லாவற்றையும் வைத்திருக்க வேண்டாம். ஒவ்வொருவரும் தனக்குக் கீழே உள்ளவரை மட்டும் தெரிந்து வைத்திருந்தால் போதும். இன்றும் இதே ஏற்பாடுதான் நடக்கிறது. டாட் இன் என்று முடியும் ஒரு முகவரியை உங்கள் போனில் தட்டுகிறீர்கள். போன் அதை உங்கள் இணைய நிறுவனத்தின் கணினியிடம் கேட்கிறது. அதற்குத் தெரியாவிட்டால் வேர்ச் சேவையகத்திடம் போகிறது. உலகில் அப்படிப்பட்ட வேர்கள் ஏ முதல் எம் வரை பதின்மூன்று எழுத்துகளால் அறியப்படுகின்றன. ஒவ்வொன்றுக்கும் பல நாடுகளில் பிரதிகள் உண்டு, எஃப் வேரின் பிரதி ஒன்று சென்னையிலேயே இருக்கிறது. வேர், “டாட் இன் பற்றி நிக்ஸியின் பதிவகத்திடம் கேள்” என்று கைகாட்டும். நிக்ஸி என்பது 2003இல் தொடங்கிய இந்தியத் தேசிய இணையப் பரிமாற்ற நிறுவனம். பதிவகம், “அந்தப் பெயரைப் பற்றிச் சொல்ல வேண்டிய சேவையகம் இது” என்று அடுத்த இடத்தைக் காட்டும். அந்தக் கடைசிச் சேவையகம்தான் எண்ணைத் தரும். இத்தனை விசாரணையும் கண் இமைப்பதற்குள் முடிந்துவிடுகிறது.

ஒவ்வொரு முறையும் இப்படி வேர்வரை போனால் உலகம் தாங்காது. அதனால் கிடைத்த பதிலை நடுவில் இருக்கும் கணினிகள் சிறிது காலம் நினைவில் வைத்துக்கொள்கின்றன. எவ்வளவு காலம் என்பதை நொடிக் கணக்கில் பதிலோடு சேர்த்தே அனுப்புவார்கள். ஐந்து நிமிடமாகவும் இருக்கலாம், இரண்டு நாளாகவும் இருக்கலாம். ‘அப்படி ஒரு பெயரே இல்லை’ என்ற பதிலும் இதேபோல நினைவில் தங்கும். முடக்கம் நீங்கிய பிறகும் ஜோஹோ பலருக்குத் திறக்காததற்கு இதுவே காரணம். புதிதாகத் தளம் தொடங்குபவர் “எனக்குத் திறக்கிறது, மச்சானுக்குத் திறக்கவில்லை” என்று முதல் நாள் பதறுவதும் இதனால்தான். அப்போது எதையும் பிரித்து மேயாமல் ஒரு நாள் பொறுத்திருப்பதே சரி.

இனி மாமல்லபுரத்துக்குப் போவோம். ஐந்து ரதம் போகும் சாலையில் உள்ள சிற்பப் பட்டறைகளில் ஒன்றை எடுத்துக்கொள்வோம். அப்பா, மகன், கூலிக்கு வரும் சிற்பிகள் சிலர். வாசலில் சுற்றுலாப் பயணிகளுக்காக மாவுக்கல்லில் அரை அடிப் பிள்ளையார்கள். உள்ளே ஏதோ ஓர் ஊர்க் கோயிலுக்காகக் கருங்கல்லில் பாதி வடித்த அம்மன். இந்த ஊரின் பெயருக்கு உலகில் குறையில்லை. கோயில்களும் புடைப்புச் சிற்பங்களும் 1984இல் யுனெஸ்கோ பட்டியலில் ஏறின. உலகக் கைவினைக் கழகம் 2015இல் மாமல்லபுரத்தைக் கற்சிற்பத்துக்கான கைவினை நகரமாக அறிவித்தது. 2017இல் மாமல்லபுரம் கற்சிற்பத்துக்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. 1957இல் இங்கே தொடங்கப்பட்ட சிற்பப் பயிற்சி மையம்தான் இன்றைய அரசு கட்டடக்கலை மற்றும் சிற்பக்கலைக் கல்லூரி. குமரிமுனைத் திருவள்ளுவர் சிலையை வடிவமைத்த வை. கணபதி ஸ்தபதி அதன் முதல்வராக இருந்தவர்.

ஊருக்கு இத்தனை பெயர் இருந்தும் பட்டறைக்குப் பெயரில்லை. டொராண்டோவில் ஒரு கோயில் கமிட்டி சிலை வாங்குகிறது என்றால், நடுவில் ஓர் ஏற்றுமதியாளர், அவருக்கு முன்னால் ஒரு தரகர். சிலை போய்ச் சேரும். வடித்தவர் யார் என்பது சேராது. அடுத்த சிலை தேவைப்படும்போது கமிட்டி அதே ஏற்றுமதியாளரைத்தான் கூப்பிடும். இணையத்தில் சொந்தப் பெயர் என்பது இந்த இடத்தில் வேலை செய்கிறது. தளம் வைத்த மறுநாளே ஆர்டர் குவியும் என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். வேலையை நேரில் பார்த்தவர் மறுபடி தேடி வர ஒரு வழி. முதல் தளம் தரும் உறுதியான பலன் அதுதான், இந்தத் தொழிலில் அது மிகப் பெரிய பலன்.

பெயர் எப்படி இருக்க வேண்டும்? போனில் ஒருமுறை சொன்னால் எதிர்முனையில் இருப்பவர் சரியாகத் தட்ட வேண்டும். தமிழ்ச் சொல்லை ஆங்கில எழுத்தில் எழுதும்போது ழகரமும் நெடிலும் ஆளுக்கொரு விதமாக மாறும் என்பதால், எழுத்துக் குழப்பம் வராத சொல்லாகப் பார்க்க வேண்டும்; நடுவில் கோடும் எண்ணும் வேண்டாம். டாட் காம் கிடைத்தால் நல்லது, டாட் இன் அதற்குக் குறைந்ததன்று. டாட் இன் 1989லேயே இந்தியாவுக்கு ஒதுக்கப்பட்டும், விதிகள் கடுமையாக இருந்ததால் 2004 முடிய சில ஆயிரம் பெயர்கள்தான் பதிவாகியிருந்தன. 2005இல் கதவு திறந்த பிறகுதான் சாதாரண மனிதர் ஒருவர் போய்ப் பெயர் வாங்க முடிந்தது. இப்போது ஆண்டுக் கட்டணம் சில நூறு ரூபாயிலிருந்து ஆயிரத்துச் சொச்சம் வரை. முதல் ஆண்டை மிகவும் மலிவாகக் கொடுத்துவிட்டு இரண்டாம் ஆண்டில் ஏற்றுபவர்கள் உண்டு. புதுப்பிக்கும் கட்டணம் என்ன என்று முதலிலேயே கேட்டுவிட வேண்டும்.

தமிழிலேயே பெயர் வைக்கலாமா என்று கேட்பவர்கள் இருக்கிறார்கள். வைக்கலாம். டாட் இலங்கை, டாட் சிங்கப்பூர், டாட் இந்தியா மூன்றும் தமிழ் எழுத்தில் 2010, 2011 ஆண்டுகளில் வேர்ப் பட்டியலில் இடம்பெற்றன. ஆனால் வேரிலிருந்து கீழே உள்ள பழைய ஏற்பாடு ஆங்கில எழுத்தையும் எண்ணையும் சிறுகோட்டையும் மட்டுமே அறியும். ஆகவே உலாவி நம் தமிழ்ப் பெயரைப் ப்யூனிகோடு என்ற முறையில் ஓர் ஆங்கில எழுத்துக் கோவையாக மாற்றி அனுப்புகிறது. 2003இல் ஆடம் காஸ்டெல்லோ வகுத்த முறை இது. எக்ஸ், என், இரண்டு சிறுகோடு என்று தொடங்கும் புரியாத சரம் ஒன்று எங்காவது கண்ணில் பட்டால் உள்ளே வேறொரு மொழியின் பெயர் இருக்கிறது என்று அர்த்தம். தமிழ் முகவரி அழகாக இருக்கிறது, தளமும் திறக்கிறது. மின்னஞ்சலில்தான் சிக்கல். தமிழ் எழுத்தில் உள்ள மின்னஞ்சல் முகவரியை இன்னும் எத்தனையோ வங்கிப் படிவங்களும் ஏற்றுமதிப் படிவங்களும் ஏற்பதில்லை. இரண்டையும் வாங்கி, தமிழ்ப் பெயரை ஆங்கில எழுத்துப் பெயருக்குத் திருப்பிவிடுவதே இன்றைக்கு நடைமுறைக்கு ஒத்துவரும்.

இப்போது தலைப்பில் உள்ள கேள்வி. செங்கல்பட்டுப் பக்கத்தில் எத்தனையோ கடைகளுக்குத் தளம் கட்டிக்கொடுக்கும் இளைஞர்கள் இருக்கிறார்கள். பெரும்பாலும் நல்ல பிள்ளைகள். கடைக்காரருக்கு இதெல்லாம் தலைவலி என்று அவர்களே பெயரையும் வாங்கிவிடுகிறார்கள்.

“டொமைன் யார் பேர்ல இருக்கு தம்பி?”

“நம்ம அக்கவுன்ட்லதாண்ணா. நீங்க கவலப்படாதீங்க, நான் பாத்துக்கிறேன்.”

பேச்சில் கள்ளம் எதுவும் இல்லை. ஆனால் வீட்டைக் கட்டிய மேஸ்திரி பேரிலேயே மனைப் பட்டாவையும் விட்டுவைப்பதற்குச் சமம் இது. தம்பிக்குத் துபாயில் வேலை கிடைக்கும். பழைய மின்னஞ்சலைப் பார்ப்பதை நிறுத்திவிடுவார். புதுப்பிக்கச் சொல்லி வரும் கடிதங்கள் யாரும் படிக்காத பெட்டியில் விழும். டாட் காம் பெயர் ஒன்றின் தவணை தவறினால் பதிவு நிறுவனத்தைப் பொறுத்து 45 நாள் வரை சாதாரணமாகப் புதுப்பிக்கலாம். அதற்கு மேல் 30 நாள் மீட்புக் காலம். அதில் அபராதம் பல மடங்கு. பிறகு 5 நாள் காத்திருப்பு. அதுவும் கடந்தால் பெயர் பொதுவுக்கு வந்துவிடும். இப்படி விழும் பெயர்களைப் பிடிப்பதற்கென்றே நொடிக்கு நொடி காத்திருக்கும் மென்பொருள்கள் இருக்கின்றன. பத்தாண்டு பழகிய முகவரி மறுநாள் ஏதோ சூதாட்டத் தளமாகத் திறப்பதன் பின்கதை பெரும்பாலும் இதுதான்.

செய்ய வேண்டியது கடினமில்லை. பதிவு நிறுவனத்தில் கணக்கு, கடைக்காரரின் பெயரில், அவருடைய சொந்த மின்னஞ்சலிலும் கைபேசி எண்ணிலும் இருக்க வேண்டும். அந்த மின்னஞ்சல், வாங்கும் அதே பெயரின்கீழ் உள்ளதாக இருக்கக் கூடாது. பெயர் முடங்கினால் மீட்புக் கடிதமும் சேர்ந்து முடங்கும். பெயரைப் பூட்டிவைக்கும் வசதி எல்லா இடத்திலும் உண்டு, அதைப் போட்டுவைக்க வேண்டும். தம்பிக்குத் தளத்தில் வேலை செய்யும் அனுமதியை மட்டும் தனியாகத் தரலாம். இதை முதல் நாளே கேட்பதில் சங்கடம் ஒன்றுமில்லை. நல்ல தொழில்காரர் தானாகவே இப்படிச் செய்து கொடுப்பார்.

“வாட்ஸ்அப் இருக்கிறது, இன்ஸ்டாகிராம் இருக்கிறது, மேப்பில் கடை தெரிகிறது. தனியாக எதற்குப் பெயர்?” இந்தக் கேள்வி நியாயமானது. மூன்றும் வேண்டும், மூன்றும் நன்றாக வேலை செய்கின்றன. ஆனால் அங்கே நம் இடம் அடுத்தவர் தயவில் இருக்கிறது. 2020 ஜூன் 29 இரவு டிக்டாக் உள்ளிட்ட 59 செயலிகளை இந்திய அரசு தடைசெய்தபோது, அவற்றில் பின்தொடர்வோரைச் சேர்த்து வியாபாரம் வளர்த்தவர்கள் விடிவதற்குள் எல்லாரையும் இழந்தார்கள். இதைவிட நெருக்கமான உதாரணம் கூகுளினுடையது. மேப்பில் கடையைப் பதிந்தவர்களுக்கு அந்த நிறுவனம் இலவசமாக ஒரு சின்னத் தளமும் கொடுத்துவந்தது. இந்தியாவில் எத்தனையோ கடைகளின் முதல் இணையதளம் அதுதான். 2024 மார்ச்சில் அந்தத் தளங்களை கூகுள் மொத்தமாக மூடியது. அந்த முகவரியைத் தட்டியவர்களைக் கடையின் மேப் பக்கத்துக்குத் திருப்பிவிடும் ஏற்பாடும் 2024 ஜூன் 10ஆம் தேதியோடு நின்றுவிட்டது. விசிட்டிங் கார்டிலும் வேன் கதவிலும் அந்த முகவரியை எழுதி வைத்தவர்கள் நிலைமையை நினைத்துப் பாருங்கள். சொந்தப் பெயர் வாங்கி அதை அந்த இலவசத் தளத்துக்குத் திருப்பி வைத்திருந்தவர்களுக்கு மட்டும் பாதிப்பில்லை. பெயரை வேறொரு இடத்துக்குத் திருப்பிவிட்டு வேலையைப் பார்த்தார்கள்.

பெயருக்குப் பின்னால் எண், எண்ணுக்குப் பின்னால் ஒரு கணினி. அது எங்கே இருக்கிறது என்பது முக்கியமா? கண்ணாடி இழைக்குள் ஒளி நொடிக்குச் சுமார் 2 லட்சம் கிலோமீட்டர் போகிறது. சென்னையிலிருந்து அமெரிக்காவின் வர்ஜீனியாவுக்கு நேர்கோட்டிலேயே ஏறத்தாழ 14,000 கிலோமீட்டர். போய்வர 140 மில்லி நொடி. கேபிள் வளைந்து வளைந்து போவதால் நடப்பில் 200க்கு மேல் ஆகிறது. ஒரு பக்கம் திறக்க ஒரு போய்வரல் போதாது. இணைப்புக்கு ஒன்று, தகவலைப் பூட்டி அனுப்பும் சாவியைப் பேசிக்கொள்ள ஒன்று, பக்கத்தைக் கேட்டு வாங்க ஒன்று என்று பொதுவாக மூன்று. முதல் எழுத்து தெரியவே அரை நொடிக்கு மேல் போய்விடும். அதே கணினி மும்பையில் இருந்தால் தூரம் ஆயிரம் கிலோமீட்டர் சொச்சம். மூன்று போய்வரலும் சேர்ந்து நூறு மில்லி நொடிக்குள் அடங்கும்.

இந்தக் கடற்கரைக்கு இந்தக் கணக்கில் தனி இடம் உண்டு. 2002இல் சென்னையையும் சிங்கப்பூரையும் இணைத்த ஐ-டு-ஐ கேபிள் கடலடியில் 3,200 கிலோமீட்டர் ஓடுகிறது. அதன் பிறகு பல கேபிள்கள் சென்னையில் கரையேறின. 2020 ஆகஸ்டில் திறக்கப்பட்ட அந்தமான் கேபிளும் இங்கிருந்துதான் புறப்படுகிறது. கேபிள் கரையேறும் இடத்துக்குப் பக்கத்தில் தரவு மையங்கள் முளைப்பது இயல்பு. செங்கல்பட்டு மாவட்டத்துச் சிறுசேரி சிப்காட் வளாகத்தில் இன்று அப்படிப்பட்ட பெருங்கட்டடங்கள் எழுந்திருக்கின்றன. மாமல்லபுரத்திலிருந்து பைக்கில் போனால் ஒரு மணி நேரம் ஆகாது. பட்டறையின் தளம் அங்கேயே உட்காரவும் வாய்ப்புண்டு. வாடிக்கையாளர் கோலாலம்பூரிலும் லண்டனிலும் இருந்தால் என்ன செய்வது? பக்கத்தின் நகல்களைப் பல ஊர்களில் வைத்து, கேட்பவருக்கு அருகில் உள்ள நகலைத் தரும் விநியோக வலைகள் இருக்கின்றன. சிறு தளங்களுக்கு அவற்றில் இலவச வசதியும் உண்டு. ஆகவே இந்த விஷயத்தில் அதிகம் மண்டையை உடைத்துக்கொள்ளத் தேவையில்லை.

சிற்பப் பட்டறையின் தளத்தை உண்மையில் இழுத்துப் பிடிப்பது படங்கள். இதில் எனக்குத் தனி ஆசை உண்டு, ஏனென்றால் கல்லும் கணிதமும் ஒன்றையொன்று தொடும் இடம் இது.

சாதாரணக் கைபேசிப் படம் 4,000க்கு 3,000 புள்ளிகள், அதாவது ஒரு கோடியே 20 லட்சம். புள்ளிக்கு மூன்று பைட் என்றால் 36 மெகாபைட். நம் கைக்கு வருவதோ நான்கைந்து மெகாபைட் கோப்பு. சுருக்கியது யார்? பெங்களூரில் பிறந்து அமெரிக்காவின் கான்சாஸ் மாநிலப் பல்கலைக்கழகத்தில் பணியாற்றிய நாசிர் அகமது, 1972இல் தனித்த கொசைன் உருமாற்றம் என்ற வழியை யோசித்தார். அதற்காக அமெரிக்கத் தேசிய அறிவியல் அறக்கட்டளையிடம் நிதி கேட்டார்; மறுத்துவிட்டார்கள். தன் மாணவர் டி. நடராஜனோடும் கே. ஆர். ராவோடும் சேர்ந்து 1974 ஜனவரியில் மூன்றே பேர் பெயரில் ஒரு சிறு கட்டுரை வெளியிட்டார். 1992இல் வந்த ஜேபெக் தரம் அந்தக் கட்டுரையின் மேல்தான் நிற்கிறது.

படத்தை எட்டுக்கு எட்டுப் புள்ளிகள் கொண்ட சிறு கட்டங்களாக வெட்டுகிறார்கள். கட்டத்தில் உள்ள 64 வெளிச்ச அளவுகளை 64 அலைகளின் கலவையாக மாற்றி எழுதுகிறார்கள்: மெல்ல ஏறி இறங்கும் அலைகள் சில, படபடவென்று துடிக்கும் அலைகள் சில. நம் கண் மெல்லிய மாற்றங்களை நன்றாகப் பார்க்கும், துடிப்பை அவ்வளவாகக் கவனிக்காது. ஆகவே துடிப்பலைகளின் அளவுகளை மழுக்கிவிடுகிறார்கள், பல சுழியமாகிவிடும். சுழியங்களை எழுத அதிக இடம் தேவையில்லை.

வானம், சுவர், முகம் போன்றவற்றுக்கு இது அருமையாக ஒத்துவருகிறது. கருங்கல்லுக்கு வருவதில்லை. பாலிஷ் போடாத கருங்கல்லின் மேல் உளி விட்ட கொத்துகளும் வெள்ளை, கறுப்பு, சாம்பல் மணிகளும் படத்தில் முழுக்க முழுக்கத் துடிப்பலைதான். அதே அளவில் அதே வெளிச்சத்தில் எடுத்தாலும் மாவுக்கல் பிள்ளையாரின் படத்தைவிடக் கருங்கல் பிள்ளையாரின் படம் கோப்பில் பெரிதாக வரும். அதை இரக்கமில்லாமல் சுருக்கினால் உளி வேலைதான் முதலில் அழியும். கல், சிமென்டு போலத் தெரியும். வாங்குபவர் பார்க்க வந்ததே அந்த வேலையை. இதற்கு வழி, சிலைக்குக் கொடுக்கும் இடத்தைச் சுற்றுப்புறத்திலிருந்து மிச்சம் பிடிப்பது. பட்டறைத் தரையில் கிடக்கும் கற்சில்லும் பின்னால் ஆடும் தென்னங்கீற்றும் வீணாக இடத்தைத் தின்னும் துடிப்பலைகள். ஒரே நிறத் துணியைப் பின்னால் கட்டி, காலை அல்லது மாலை வெயில் பக்கவாட்டில் விழும்போது எடுத்து, அகலத்தை 1,600 புள்ளிகளுக்குக் குறைத்தால், உளிக் கொத்து தெரியத் தெரிய முந்நூறு கிலோபைட்டுக்குள் அடக்கிவிடலாம். கண்ணும் கைவிரலும் போன்ற நுட்பமான பகுதிகளுக்குத் தனிப்படம் போடலாம்.

எழுத்தைப் பொறுத்தவரை இந்தக் கவலை எதுவும் வேண்டாம். யூனிகோடில் தமிழ்க் குறி ஒவ்வொன்றும் பொதுவாக மூன்று பைட் பிடிக்கும். மாமல்லபுரம் என்று எழுத 33 பைட். ஐந்நூறு சொல் எழுதினாலும் ஏறத்தாழப் பதினைந்து கிலோபைட்தான். அதனால் விலாசத்தையும் விவரத்தையும் படத்துக்குள் எழுதி ஒட்டாமல் எழுத்தாகவே இட வேண்டும். படத்துக்குள் இருப்பதைத் தேடுபொறி எழுத்தைப் படிப்பதுபோல் நம்பகமாகப் படிக்காது. வெளிநாட்டார் மகாபலிபுரம் என்றுதான் இன்னும் தேடுகிறார்கள். இரண்டு பெயரும் பக்கத்தில் இருக்கட்டும்.

தளத்துக்கும் உலாவிக்கும் நடுவே போகும் தகவலைப் பூட்ட உதவும் பாதுகாப்புச் சான்றிதழைப் பற்றி ஒரு வார்த்தை. 2018 ஜூலையிலிருந்து குரோம் உலாவி, சான்றிதழ் இல்லாத தளங்களைப் பாதுகாப்பற்றவை என்று முகவரிப் பட்டையிலேயே எழுதிக் காட்டுகிறது. 2015 இறுதியில் பொதுமக்களுக்குத் திறந்த லெட்ஸ் என்கிரிப்ட் இந்தச் சான்றிதழை இலவசமாகத் தருகிறது. அதற்காகத் தனியாகப் பெரிய தொகை கேட்பவரிடம் காரணம் கேளுங்கள்.

பக்கத்தில் என்ன எழுதுவது என்பதில்தான் பட்டறைக்காரரின் அறிவு வெளிப்பட வேண்டும். பாரம்பரியம், தரம், நம்பிக்கை என்ற வார்த்தைகளை எல்லாத் தளத்திலும் பார்த்துப் பார்த்து வாசகருக்குக் கண் மரத்துவிட்டது. கல் எது, உயரம் எத்தனை அங்குலம், நின்ற கோலமா அமர்ந்த கோலமா, முன்பக்கம் மட்டும் வேலையா சுற்றிலுமா, முடிக்க எத்தனை மாதம் என்று எழுதினால் கமிட்டித் தலைவர் கடைசிவரை படிப்பார். எடை கட்டாயம் வேண்டும். கருங்கல் கன அடிக்கு ஏறத்தாழ 75 கிலோ. கப்பல் கூலியும், கிரேன் வேண்டுமா என்பதும், கோயில் தளம் தாங்குமா என்பதும் அந்த எண்ணை வைத்துத்தான் முடிவாகும். தளத்திலேயே பணம் வாங்கி விற்பதானால், 2020ஆம் ஆண்டின் மின்வணிக நுகர்வோர் பாதுகாப்பு விதிகளின்படி நிறுவனத்தின் சட்டப்பூர்வப் பெயர், முகவரி, தொடர்பு விவரம், குறை கேட்கும் அலுவலரின் பெயர் ஆகியவற்றைக் காட்ட வேண்டும்.

வெளிநாட்டுக்கு விற்பவர் இன்னொன்றும் சொல்ல வேண்டும். 1972ஆம் ஆண்டின் தொல்பொருள் சட்டப்படி நூறாண்டுக்குக் குறையாத பழமை உள்ள சிற்பம் தொல்பொருள். தனியார் அதை ஏற்றுமதி செய்ய முடியாது. புதிய சிலைதான் என்பதற்கு இந்தியத் தொல்லியல் துறையிடம் தொல்பொருள் அல்ல என்ற சான்று வாங்குவது வழக்கம். சிலைக் கடத்தல் செய்திகளைப் படித்துவிட்டுத் தயங்கும் வெளிநாட்டு வாடிக்கையாளருக்கு, அந்தச் சான்றை நாங்களே வாங்கித் தருகிறோம் என்ற ஒரு வரி பத்துப் புகழ்ச்சிக்குச் சமம். கூடவே ஒவ்வொரு பெரிய சிலைக்கும் தனிப்பக்கம் வைத்து, பாறையாக வந்தது முதல் கண் திறந்தது வரை தேதியோடு படங்கள் போட்டால், வடித்தவர் பெயரையும் எழுதினால், அதைவிட நல்ல அத்தாட்சி கிடையாது.

அந்தப் பக்கத்தின் முகவரியைப் பிறகு மாற்றக் கூடாது. வலையை உருவாக்கிய டிம் பெர்னர்ஸ்-லீ 1998லேயே இதை வற்புறுத்தி எழுதினார். முகவரியை ஒரு க்யூஆர் குறியாக அச்சிட்டு, சிலையோடு பெட்டியில் வைத்து அனுப்பலாம். கமிட்டி அதைக் கோயில் ஆவணத்தில் ஒட்டி வைக்கும். இருபது ஆண்டு கழித்துப் பரிவார தெய்வங்கள் சேர்க்க நினைப்பவர்கள் அந்தக் குறியைத்தான் போனில் காட்டுவார்கள். ஆனால் டாட் இன் பெயரை ஒரே தடவையில் அதிகபட்சம் 10 ஆண்டுக்குத்தான் புதுப்பிக்க முடியும். கணக்கின் கடவுச்சொல்லும் புதுப்பிக்கும் தேதியும் அப்பாவுக்குப் பிறகு வீட்டில் யாரிடம் இருக்கும் என்பதைப் பெயர் வாங்கும் அன்றே பேசி, எழுதி, பட்டறையின் மற்றப் பத்திரங்களோடு வைத்துவிட வேண்டும்.